"இதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம், மிஸ்?"

கேள்வி: தாவரவியல் விரிவுரையாளர் நான். தலைப்பில் உள்ளதைத்தான் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதற்கு எங்கே இடம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, புதுப் பாடம் எதுவும் தேவையில்லை, இருக்கிற ஒப்படை ஒன்றைக் கொஞ்சம் மாற்றுங்கள். பனையின் பாகங்களை வரைந்து பெயரிடச் சொல்கிறோம். அதோடு, கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை செய்பவரிடமோ பனங்கட்டி காய்ச்சுபவரிடமோ போய், "உங்கட வேலையில் ஆகச் சலிப்பான பகுதி எது?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தச் சலிப்பைத் தன்னால் தாங்க முடியுமா என்று அரைப் பக்கம் எழுதட்டும். அதற்குப் புள்ளி போடாதீர்கள்; போட்டால் உங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

தனியாகப் பேசும்போது, "என்னவாக வரப்போகிறாய்?" என்று கேட்டால் "அரச உத்தியோகம்" என்றே பதில் வரும். "போன மாதம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை?" என்று கேளுங்கள். ஒருவன் அப்பாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டியதைச் சொல்லக்கூடும். சரி, அவனுக்குத் தேசிய தொழிற்தகைமையின் (NVQ – தொழில்திறனுக்கான அரச அங்கீகாரச் சான்றிதழ்) 7 மட்டங்களையும் விளக்குங்கள்: 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். வீட்டில் சம்மதிப்பார்களா என்பது வேறு கதை!

தொழில் வழிகாட்டல் அலகு இருந்தால் அங்கும் அனுப்புங்கள். ஆனால் துண்டெழுதிக் கொடுத்துவிட்டுக் கைகழுவாமல், என்ன சொன்னார்கள் என்று அடுத்த கிழமை விசாரியுங்கள்.