பொட்டென்ஷியல் 75ன்னு போட்டிருந்தா தூக்கிடலாமா? ட்ராஃப்ட் சீசன் கேள்வி-பதில்

நம்ம கம்ப்யூட்டர் பேஸ்பால் லீக்ல கேம் காலண்டர் ஜூன் மாசத்தை தொட்டா போதும், என் இன்பாக்ஸ் பூரா ஒரே கேள்விதான், "அண்ணா ட்ராஃப்ட் பூல் வந்துடுச்சு, யாரை எடுக்கறது?" (ட்ராஃப்ட்னா டீமுங்க ரவுண்ட் ரவுண்டா முறை வெச்சு புதுப் பசங்கள எடுக்கறது, ஒவ்வொரு முறையும் ஒரு பிக்.) தனித்தனியா பதில் போட்டு கை வலிக்குது. அதனால வந்ததுல எல்லாருக்கும் உதவற மாதிரி இருக்கறத மட்டும் பொறுக்கி மொத்தமா போட்டுடறேன். முக்கால்வாசி, கம்ப்யூட்டர்ல பேஸ்பால் டீம் நடத்தற அவுட் ஆஃப் த பார்க் கேம் ஆடறவங்க கேட்டது, ஒண்ணே ஒண்ணு கார்டும் பகடையும் வெச்சு ஆடற ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கோஷ்டி.

கேள்வி: என் ஸ்கவுட் 18 வயசு ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) ஒருத்தனுக்கு பொட்டென்ஷியல் 75 குடுத்திருக்கார். கேம்லயே வர்ற பொது ஸ்கவுட்டிங் ஓஎஸ்ஏ அதே பையனுக்கு 50தான் போடுது. யாரை நம்பறது அண்ணா?

பதில்: ரெண்டு பேரையும் முழுசா நம்பாதீங்க. 20ல ஆரம்பிச்சு 80ல முடியற இந்த அளவு நெஜ பேஸ்பால் ஸ்கவுட்டுங்க வெச்சிருக்கறதுதான், 50ன்னா மேஜர் லீக் சராசரி, 60ன்னா நல்ல ஆளு, 70ன்னா ஸ்டாரு, 80 எல்லாம் மொத்த லீக்லயே விரல் விட்டு எண்ணிடலாம். பொட்டென்ஷியல்ங்கறது ஒரு ஸ்கவுட் இன்னிக்கு பாத்து சொல்ற ஜோசியம், அவ்ளோதான், ஜோசியரோட கைராசி எப்படின்னு உங்களுக்கே தெரியணும். உங்க ஸ்கவுட்டோட ப்ரொஃபைல தொறந்து பாருங்க, அமெச்சூர் பசங்கள பாக்கறதுல அவரோட ரேட்டிங் என்ன, அவர் திறமைய பாத்து மயங்கற டைப்பா இல்ல இப்பவே ஆடத் தெரிஞ்சவன பிடிக்கற டைப்பான்னு போட்டிருக்கும். திறமைக்கு மயங்கற ஆளா இருந்தா அந்த 75ல இருந்து மனசுக்குள்ளயே கொஞ்சம் கழிச்சுக்கோங்க.

ஆனா இதுல இன்னொரு லாபம் இருக்கு, அத நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. ஓஎஸ்ஏ சொல்றத லீக்ல இருக்கற எல்லா ஜிஎம்மும் (டீம நடத்தறவங்க) பாக்கறாங்க, உங்க ஸ்கவுட் சொல்றத நீங்க மட்டும்தான் பாக்கறீங்க. ஓஎஸ்ஏ 50ன்னு சொல்ற பையனுக்காக மத்தவங்க யாரும் மொதல் ரவுண்ட்ல அடிச்சுக்க மாட்டாங்க, அப்ப நீங்க ஏன் உங்க மொதல் பிக்க அவன் மேல போடணும்? மொதல் ரவுண்ட்ல ரெண்டு பேருமே நல்லா சொல்ற ஒருத்தன எடுங்க, இந்த பையனுக்கு ரெண்டாவது இல்ல மூணாவது ரவுண்ட் வரைக்கும் வெயிட் பண்ணுங்க. நடுவுல எவனாவது கொத்திட்டு போனா போகட்டும், நஷ்டம் ஒண்ணும் இல்ல.

கேள்வி: ஹைஸ்கூல் பிட்சரா, காலேஜ் பிட்சரா? ஹைஸ்கூல் பையன் நம்பர்லாம் கண்ணை பறிக்குது.

பதில்: கண்ணை பறிக்கும், சம்பளத்தையும் பறிக்கும். என் கதைய சொல்றேன். நாலு சீசன் முன்னாடி மூணாவது பிக்ல ஒரு ஹைஸ்கூல் லெஃப்டி (இடது கை பிட்சர்) எடுத்தேன், 18 வயசு, ஸ்டஃப் (பேட்டர ஸ்ட்ரைக்அவுட் பண்ற தெறம) பொட்டென்ஷியல் 75, மூவ்மெண்ட் (ஹோம் ரன் குடுக்காம இருக்கறது) 60, கன்ட்ரோல்தான் (குறி தப்பாம போடறது) 45. ரூக்கி லீக்ல ஒரு சீசன் நல்லா போட்டான், நான் லீக் சாட்ல போட்டோல்லாம் போட்டு அலப்பற பண்ணினேன். அடுத்த மே மாசம் முழங்கைல தசைநார் கிழிஞ்சு 13 மாசம் அவுட். திரும்பி வந்தப்ப ஸ்டஃப் 55, கன்ட்ரோல் 35. அவனுக்கு அடுத்த பிக்ல போன காலேஜ் செகண்ட் பேஸ்மேன் இப்ப எதிரி டீம்ல இருந்துக்கிட்டு வாரா வாரம் என்னையே அடிக்கறான்.

இது கேம் செய்யற சதின்னு நெனைக்காதீங்க, நெஜத்துலயும் அப்படித்தான். 1991ல யாங்கீஸ் மொத பிக்லயே ப்ரையன் டெய்லர்ங்கற ஹைஸ்கூல் லெஃப்டிய எடுத்தாங்க, 1993 டிசம்பர்ல ஒரு சண்டைல தோள்பட்டை போச்சு, மேஜர் லீக் மேட்ச் ஒண்ணு கூட ஆடல. பிட்சிங் ப்ராஸ்பெக்ட்னு ஒரு ஜந்துவே கிடையாதுன்னு அமெரிக்கால ஒரு சொலவடையே உண்டு. 1980கள்லயே பில் ஜேம்ஸ் பழைய ட்ராஃப்டுங்கள கணக்கு போட்டு பாத்து காலேஜ்ல இருந்து வந்தவங்கதான் எடுத்த இடத்துக்கு அதிக பலன் குடுத்தாங்கன்னு சொல்லிட்டார். காரணம் ரொம்ப சிம்பிள். நாலு வருஷ காலேஜ்ல சேந்த பையன் பொதுவா மூணு வருஷம் முடிக்கணும் இல்ல 21 வயசு ஆகணும், அப்பதான் ட்ராஃப்டுக்கே வர முடியும், அதுக்குள்ள உடையறவன் காலேஜ்லயே உடைஞ்சிருப்பான், அந்த ரிஸ்க்கு உங்க தலைல விழாது. 2023ல பைரட்ஸ் மொத பிக்ல எடுத்த பால் ஸ்கீன்ஸ் எல்எஸ்யூ காலேஜ்காரர், 2024 மே மாசமே மேஜர் லீக் வந்து அந்த வருஷமே நேஷனல் லீக்ல சிறந்த புதுமுகம் விருது வாங்கிட்டார்.

அதுக்காக ஹைஸ்கூல் பிட்சரே வேணாம்னு சொல்லல. மொதல் பத்து பிக்குக்குள்ள வேணாம்ங்கறேன். நாலாவது ரவுண்ட்ல கெடைச்சா நாலு பேரா எடுங்க, ஒருத்தன் தேறினா போதும்.

கேள்வி: ரெண்டு பேட்டர். ஒருத்தனுக்கு காண்டாக்ட் 55, பவர் 65, அவாய்ட்-கே (ஸ்ட்ரைக்அவுட் ஆகாம தப்பிக்கறது) 40. இன்னொருத்தனுக்கு காண்டாக்ட் 55, பவர் 40, அவாய்ட்-கே 65. ஸ்ட்ரைக்அவுட் ஆவான்னு பயந்து ரெண்டாவது ஆள எடுக்கலாம்னு இருக்கேன், சரியா?

பதில்: தப்பு, ஆனா இந்த தப்ப நானும் ரெண்டு வருஷம் பண்ணிருக்கேன். இந்த கேம்ல காண்டாக்ட் தனி ரேட்டிங் கிடையாது, பந்த தொட்டா ஹிட் ஆகற தெறம, பவர், ஸ்ட்ரைக்அவுட் தவிர்க்கறது மூணையும் போட்டு ஆட்டின மாவு அது. ரெண்டு பேருக்கும் காண்டாக்ட் 55ன்னா பேட்டிங் ஆவரேஜ் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வரும், மொத ஆளோட ஸ்ட்ரைக்அவுட்ட கேம் ஏற்கனவே அந்த 55க்குள்ள கழிச்சிடுச்சு. நீங்க மறுபடி கழிச்சா ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவ ஃபைன் போட்ட மாதிரி. அதே ஆவரேஜ், மேல கூடுதலா ஹோம் ரன், அப்ப மொத ஆளுதான். ஐ ரேட்டிங் (தப்பான பந்த அடிக்காம விடற தெறம) ரெண்டு பேருக்கும் எவ்ளோன்னு நீங்க சொல்லவே இல்ல, வாக் (நாலு தப்பு பந்து வந்தா ஃப்ரீயா மொத பேஸ்) வாங்கறதுல ரெண்டாவது ஆள் ரொம்ப மேல இருந்தா மட்டும் திரும்ப யோசிக்கலாம்.

கேள்வி: ஃபாஸ்ட்பால் 75, ஸ்லைடர் 70, வேற பிட்ச் எதுவும் இல்ல. ஸ்டார்ட்டரா (மேட்ச ஆரம்பிக்கற பிட்சர்) ஆக்க முடியுமா?

பதில்: முடியாதுன்னே வெச்சுக்கோங்க. மூணு பிட்ச் உருப்படியா இருந்து ஸ்டாமினாவும் இருந்தாதான் ஸ்டார்ட்டர். இவன் புல்பென் ஆளு, நடுவுல வந்து கொஞ்ச நேரம் போடறவன். அதுக்கு மூணாவது ரவுண்ட் போதும்.

கேள்வி: ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஒருத்தன், பவர் 80, எடுக்கலாமா? இல்ல பேட்டிங் கொஞ்சம் கம்மியா இருக்கற ஷார்ட்ஸ்டாப்பா?

பதில்: ஷார்ட்ஸ்டாப். யோசிக்கவே வேணாம். ஷார்ட்ஸ்டாப்ல நிக்கறவன செகண்ட், தேர்ட், அவுட்ஃபீல்டுன்னு எங்க வேணா தள்ளி விடலாம், ஃபர்ஸ்ட் பேஸ்ல இருக்கறவன் அடிக்கலன்னா அவனுக்கு அப்புறம் போக எடமே இல்ல, பெஞ்சுதான். மூக்கி பெட்ஸ் 2011ல அஞ்சாவது ரவுண்ட்ல வந்தப்ப இன்ஃபீல்டர், அப்புறம் அவுட்ஃபீல்ட் போய் கோல்ட் க்ளவ் (ஃபீல்டிங் விருது) கோல்ட் க்ளவ்வா வாங்கினார், இப்ப திரும்ப ஷார்ட்ஸ்டாப்லயே நிக்கறார். ப்ரைஸ் ஹார்ப்பர் 2010ல மொத பிக்கா போனப்ப கேட்சர், நேஷனல்ஸ் அவர உடனே அவுட்ஃபீல்டுக்கு மாத்திட்டாங்க, அந்த முட்டிங்கள வெச்சுக்கிட்டு 15 வருஷம் குந்த வைக்க அவங்களுக்கு மனசில்ல. பேட் நெஜமாவே நல்லா இருக்கற கேட்சர் உங்களுக்கு வந்தாலும் அதே மாதிரி யோசிங்க.

கேள்வி: பூல்லயே பெஸ்ட் பையன் டிமாண்ட் கட்டத்துல ஏகப்பட்ட காசு கேக்கறான். இன்னொருத்தனுக்கு 'இம்பாசிபிள்'னே போட்டிருக்கு.

பதில்: இம்பாசிபிள்னு போட்டிருந்தா கடைசி ரவுண்ட்ல வேணா சும்மா ஒரு கல்ல விட்டு பாருங்க, அதுக்கு மேல வேணாம், அவன் காலேஜ் போயிடுவான். காசு கேக்கறவன் விஷயம் வேற, அதுல வெளையாட எடம் இருக்கு. நெஜ எம்எல்பில (மேஜர் லீக்) 2012ல இருந்து மொதல் பத்து ரவுண்டுக்கு ஒவ்வொரு டீமுக்கும் போனஸ் பூல்னு ஒரு தொகை உண்டு, அத 5 சதவீதத்துக்கு மேல தாண்டினா அடுத்த வருஷ மொத ரவுண்ட் பிக்கே போயிடும். அந்த வருஷமே ஆஸ்ட்ரோஸ் என்ன பண்ணாங்கன்னா, மொத பிக்ல கார்லோஸ் கொரேயாவ எடுத்து, அந்த எடத்துக்கான ஸ்லாட் தொகை 72 லட்சம் டாலர் இருக்க, அவருகூட 48 லட்சத்துக்கு பேசி முடிச்சு, மிச்சம் புடிச்ச காச வெச்சு 41வது பிக்ல லான்ஸ் மெக்கல்லர்ஸ 25 லட்சம் குடுத்து மடக்கிட்டாங்க. ரெண்டு பேருமே 2017ல அவங்க சாம்பியன் ஆன டீம்ல இருந்தாங்க. உங்க லீக்ல பூல் ரூல் இருந்தா இதையே பண்ணுங்க, மொத பிக்ல கொஞ்சம் கம்மியா கேக்கற நல்ல ஆள், ரெண்டாவது ரவுண்ட்ல காசுக்காக வழுக்கி விழுந்த பெரிய ஆள்.

சைன் ஆகலன்னா உலகம் முடிஞ்சிடாது. அதே ஆஸ்ட்ரோஸ் 2014ல மொத பிக்ல எடுத்த ப்ரேடி ஐக்கன்கூட மெடிக்கல் ரிப்போர்ட் தகராறுல டீல் முறிஞ்சு, ஈடா 2015ல ரெண்டாவது பிக் கெடைச்சு, அதுல வந்தவர்தான் அலெக்ஸ் ப்ரெக்மன். உங்க லீக்ல இந்த ஈட்டு பிக் ரூல் ஆன்ல இருக்கான்னு கமிஷனர்கிட்ட (லீக்க நடத்தறவர்) மொதல்லயே கேட்டுக்கோங்க.

கேள்வி: நாங்க 2009ல ஆரம்பிக்கற ஹிஸ்டாரிக்கல் லீக். எல்லாரும் மைக் ட்ரௌட்டுக்கு அடிச்சுக்கறாங்க. யார் எப்படி ஆவாங்கன்னு ரேண்டமா மாத்த என்ன பண்ணலாம்?

பதில்: ஹாஹா, நெஜத்துல அந்த வருஷம் 24 பிக்க தாண்டி 25வதாதான் அவர் போனார், அதுலயும் 24வது பிக்கும் ஏஞ்சல்ஸ் கைலதான் இருந்துச்சு, அதுல அவங்க ராண்டல் க்ரிச்சுக்க எடுத்துட்டுத்தான் அடுத்ததா ட்ரௌட்ட கூப்ட்டாங்க. எதிர்காலம் தெரிஞ்சவன் எவனுமே அந்த ரூம்ல இல்ல.

உங்க பிரச்சனை செட்டிங்க்ல இருக்கு. ரீகால்க் போட்டிருந்தா ஒவ்வொரு வருஷமும் கேம் நெஜ ஸ்டாட்ஸ வெச்சு ரேட்டிங்க மாத்தி எழுதும், அப்ப ட்ரௌட் ட்ரௌட்டாதான் ஆவார், ட்ராஃப்டுங்கறது வெறும் ஞாபகசக்தி போட்டி. அத ஆஃப் பண்ணிட்டு கேமோட டெவலப்மெண்ட் இன்ஜின்ல விடுங்க. அப்ப ட்ரௌட் டபுள்-ஏலயே (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ) தேங்கி நிக்கலாம், எவனோ ஒரு எட்டாவது ரவுண்ட் பையன் எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர்) ஆகலாம், அதுலதான் மஜாவே.

கேள்வி: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கீப்பர் லீக்ல (எடுத்த ஆளுங்கள வருஷா வருஷம் வெச்சுக்கற லீக்) இன்னும் கார்டு வராத சின்னப் பசங்கள எடுக்கலாம்னு ரூல் வெச்சிருக்கோம். எப்ப எடுக்கறது?

பதில்: ஸ்ட்ராட்ல பொட்டென்ஷியல்னு ஒண்ணும் கெடையாது, இந்த கேம உருவாக்கின ஹால் ரிச்மன் 1961ல விக்க ஆரம்பிச்சதுல இருந்து ஐடியா ஒண்ணுதான், போன சீசன் ஆடினது இந்த கார்டு. சோ உங்க பையன் மேஜர் லீக்ல ஆட ஆரம்பிச்ச வருஷம் கூட உங்களுக்கு உபயோகம் இல்ல, அதுக்கு அடுத்த வருஷம்தான் கார்டு கைக்கு வரும், அதுவும் செப்டம்பர்ல கூப்பிட்டு 30 தடவ பேட் புடிச்சிருந்தா யூசேஜ் லிமிட்ல (நெஜத்துல ஆடின அளவுக்குத்தான் ஆட விடற ரூல்) அடிபட்டு பெஞ்சுல கெடக்கும். ட்ரிபிள்-ஏல (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ) நிக்கறவன எடுங்க, 17 வயசு பையன எடுத்தா ஆறு வருஷம் ஒரு எடத்த அடைச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். இன்னொண்ணு, ஃபீல்டிங்க மறக்காதீங்க, ரேஞ்ச் 1 பெஸ்ட், 5 மோசம். பேட் சுமாரா இருந்தாலும் ஷார்ட்ஸ்டாப்ல 1 வாங்கப் போறவன் யாருன்னு மைனர் லீக் ரிப்போர்ட்ல தேடுங்க, நம்ம ஆளுங்க அத பாக்கறதே இல்ல, சல்லிசா கெடைக்கும்.

கேள்வி: போன மாசம் எடுத்த பையன உடனே ட்ரேட் பண்ண முடியல, பக் ஆ?

பதில்: அது உங்க லீக் ரூலா இருக்கும், செட்டிங்க பாருங்க. நெஜத்துலயும் வேர்ல்ட் சீரிஸ் முடியற வரைக்கும் தடை உண்டு. முன்ன ஒரு வருஷம் காத்திருக்கணும்னு இருந்துச்சு, 2014ல பாட்ரெஸ் டீம் எடுத்த ட்ரே டர்னர ட்ரேட் பேசி முடிச்சும் மாசக்கணக்குல பழைய டீம்லயே ஆட விட்ட கூத்துக்கு அப்புறம்தான் மாத்தினாங்க.

கேள்வி: எடுத்து ஒரு வருஷத்துல பொட்டென்ஷியல் 65ல இருந்து 50க்கு எறங்கிடுச்சு. கழட்டி விட்டுடலாமா?

பதில்: மொதல்ல ரெண்டு விஷயம் பாருங்க. டிசிஆர்னு (தெறம தற்செயலா எவ்ளோ ஏறி எறங்கும்ங்கறது) ஒரு செட்டிங் இருக்கு, டிஃபால்ட் 100, உங்க கமிஷனர் அத ஏத்தி வெச்சிருந்தா எல்லாருக்கும் ஏத்த எறக்கம் ஜாஸ்தியாதான் இருக்கும், அப்ப இது பெரிய விஷயமே இல்ல. ரெண்டாவது, பையனோட வொர்க் எதிக்கும் புத்திசாலித்தனமும் ஹைன்னு இருந்தா வெச்சிருங்க, லோன்னு இருந்தா இன்னும் 50ன்னு காட்டறப்பவே எவன் தலைலயாவது கட்டிடுங்க. சில சமயம் தப்பு நம்மளுதா இருக்கும், 18 வயசு பையன சிங்கிள்-ஏல அடி வாங்க விட்டிருப்போம், ஒரு லெவல் கீழ எறக்கினா சரியாயிடும். என் லெஃப்டிய இன்னும் கழட்டல, அது பாசமா பைத்தியமான்னு கேக்காதீங்க.

கேள்வி: ட்ராஃப்ட் லிஸ்ட் அனுப்ப மறந்துட்டா என்ன ஆகும்?

பதில்: கம்ப்யூட்டரே உங்களுக்கு எடுத்துடும். ரெண்டு சீசன் முன்னாடி ஊருக்கு போயிட்டு டெட்லைன கோட்ட விட்டேன், அஞ்சாவது ரவுண்ட்ல அது பாட்டுக்கு ஒரு காலேஜ் கேட்சர எடுத்து வெச்சிருந்துச்சு, நான் பாத்தா சத்தியமா எடுத்திருக்க மாட்டேன். போன மாசம் ஆல்-ஸ்டார் மேட்ச்ல ஸ்டார்ட் பண்ணிட்டான், என் டீம்ல இருந்து போனது அவன் ஒருத்தன்தான்.