லைன் வீட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நாங்கள் குடியிருப்பது லைன் வீடு. அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். அம்மா பனியன் கம்பெனியில் லைனில் தைக்கிறார். அகராதியைத் திறந்தால் ‘லைன்’ என்ற சொல்லுக்குப் பக்கம் நிறையப் பொருள் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா ஐயா?
– பிளஸ் ஒன் மாணவி, திருப்பூர்

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மணி. பொருள் பட்டியலை உருப்போடச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. ‘லைன்’ அதன் வழிவந்த சொல். சுவர் எடுக்கும்போது கொத்தனார் இரு முனையிலும் ஆணியடித்து நூல் கட்டுகிறாரே, அதை மனத்தில் வைத்துக்கொள். கோடு, வரிசை, எல்லை, உன் அப்பா ஏறிப் பார்க்கும் கம்பி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

நான் வளர்ந்ததும் சிங்காநல்லூரில் மில்லை ஒட்டிய லைன் வீட்டில்தான். ஒரே நீண்ட ஓட்டுக் கூரை. அதன் கீழே நூல் பிடித்தாற்போல் வீடுகள். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். இலங்கை மலையகத் தமிழர்கள் தோட்டக் குடியிருப்பை ‘லயம்’ என்பதும் இதே சொல்தான்.

உன் அம்மாவின் லைனில் தோளை இணைப்பவர் ஒருவர், அடி மடித்துத் தைப்பவர் இன்னொருவர். துணி கைமாறிக்கொண்டே போகிறது. நடுவில் ஒருவர் கை நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை இல்லை. அங்கே எல்லோரும் பயப்படும் ‘டெட்லைன்’ அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிறந்தது. 1864இல் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உட்புறம் ஒரு தாழ்வான மரத்தடுப்பு இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவார். அந்த எல்லைக்கு வைத்த பெயர், பின்னாளில் கெடுவுக்கு ஆகிவந்தது.

ரவிக்கைக்குக் கொடுக்கும் லைனிங் மட்டும் கோடுமல்ல, வரிசையுமல்ல. முன்பு உடையின் உட்புறம் லினன் துணி வைத்துத் தைத்தார்கள். அதனால் வந்த பெயர். லினனும் ஆளி நார்தான். ஆனால் அகராதியில் இதைத் தனிச் சொல்லாகப் பிரித்திருப்பார்கள். தேர்வில் ‘லைன்’ வினைச்சொல்லாக வந்தால் பக்கத்துச் சொற்களைப் பார். சட்டையோ பெட்டியோ இருந்தால் உள்ளே துணி கொடுப்பது. தெருவும் சனமும் இருந்தால் இருபுறமும் வரிசையாக நிற்பது.