விரட்டப்பட்டவர்கள் திரும்பவில்லை

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்சைத் கவுண்டியில் வீடு வாங்கியிருக்கிறார். தெருவில் பாதிப் பேர் நம்மவர்கள். "நிறவெறியெல்லாம் பழங்கதை, உழைக்கிறவனுக்கு எந்த ஊரும் இடம் கொடுக்கும்" என்கிறார். அந்த ஊரே அதற்குச் சாட்சிதானே?
- வாசகர், கோவை

பதில்: இல்லை. மகன் வீடு வாங்கியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் கவுண்டியின், நம்மூர் மாவட்டம் போன்ற அந்தப் பகுதியின், கதையை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

1912 செப்டம்பரில் அங்கே ஒரு வெள்ளை இளம்பெண் தாக்கப்பட்டார், பிறகு இறந்துபோனார். ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்று, கவுண்டியின் தலைநகரான கம்மிங்கின் நடுவில் தொங்கவிட்டது. அதே வழக்கில் பதின்ம வயதுக் கறுப்பினப் பையன்கள் இருவரை அவசர விசாரணை நடத்தித் தூக்கிலிட்டார்கள். அத்தோடும் விடவில்லை. இரவுகளில் கூட்டமாக வந்து கறுப்பர்களின் வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 1,100 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களில் சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் உண்டு. சிலர் வந்த விலைக்கு விற்றார்கள். விற்கவும் வழியில்லாதவர்களின் நிலத்துக்கு வெள்ளையர்கள் வரி கட்டி, அனுபவ பாத்தியம் கொண்டாடி எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் முக்கால் நூற்றாண்டு அந்தக் கவுண்டியில் கறுப்பர் குடியிருக்க முடியவில்லை. 1987 ஜனவரியில் கறுப்பினத் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் நிறவெறியை எதிர்த்து ஒரு சிறு ஊர்வலம் போனபோது கல்லும் பாட்டிலும் பறந்தன. அடுத்த சனிக்கிழமை சுமார் 20,000 பேர் திரண்டு, தேசியக் காவற்படையின் பாதுகாப்போடு நடந்தார்கள். இது மன்னராட்சிக் காலத்துக் கதை அல்ல. உங்கள் வயதுக்காரர்கள் டி.வி.யில் பார்த்த செய்தி.

பிறகு ஊர் மாறியது உண்மை. மனம் மாறியதால்தான் ஊர் மாறியது என்று மட்டும் நான் நம்பவில்லை. அட்லாண்டா வடக்கே வளர்ந்தது, 400ஆம் எண் நெடுஞ்சாலை வந்தது, பக்கத்து ஆல்ஃபரெட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன, நல்ல பள்ளிகள் என்று பேர் பரவியது. 1980இல் 28,000 பேர் இருந்த கவுண்டியில் 2020இல் இரண்டரை லட்சம் பேர். அதில் ஆசியர் சுமார் 18 சதவீதம், பெரும்பாலும் இந்தியர். கறுப்பர் சுமார் 4 சதவீதம். ஜார்ஜியா மாநிலம் முழுவதையும் எடுத்தால் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு! உங்கள் கேள்விக்குப் பதில் இந்த எண்களில் இருக்கிறது.

இன்னொன்றும் மகனிடம் சொல்லுங்கள். 1946 சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 இடம். அந்தப் பூட்டை உடைத்தது 1965 குடியேற்றச் சட்டம். அது கறுப்பர்கள் அடிபட்டுப் பெற்ற 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் அலையில் வந்தது. நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்ற சட்டம், 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. மகனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்புக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் கறுப்பர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் அந்த ஊரில் இன்னும் வீடு குறைவு.

அரசியலும் அசைகிறது. 2012இல் அங்கே குடியரசுக் கட்சிக்கு 80 சதவீத ஓட்டு. 2020இல் சுமார் 66. அந்த ஆண்டு எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் பைடன் ஜார்ஜியாவை வென்றதே சுமார் 12,000 ஓட்டில்தான் என்பதால், இப்படிப்பட்ட கவுண்டிகளில் குறைந்த ஒவ்வொரு சதவீதமும் கணக்கில் வந்தது.

எட்வர்ட்ஸ் கொலையைச் சொல்லும் நினைவுப் பலகை 2021இல்தான் கம்மிங்கில் வைக்கப்பட்டது. மகன் அதைப் போய்ப் படிக்க வேண்டும். பறிபோன நிலத்துக்கு ஈடு என்ன என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அங்கே ஓட்டுரிமை கிடைக்கும் நாளில், ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அவர் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.