அப்பா, அம்மாவுக்குக் கருப்புக் கண். பிள்ளைக்கு எப்படிப் பூனைக்கண்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு நான்கு மாதம். எனக்கும் கணவருக்கும் கண் கருப்பு. குழந்தைக்குச் சாம்பல் நிறப் பூனைக்கண். கணவர் என் தாய்மாமன் மகன். எங்கள் இருவருக்கும் தாத்தா ஒருவரே, அவருக்கும் பூனைக்கண்தான். புகுந்த வீட்டில் கண்டபடி பேசுகிறார்கள். நிறம் மாறுமா?

பதில்: முதலில் அந்தப் பேச்சு நிற்க வேண்டும். கண் கருத்த பெற்றோருக்குப் பூனைக்கண் பிள்ளை பிறப்பது மரபியலில் நடக்கக்கூடியதே. அதை வைத்துத் தாயைச் சந்தேகிப்பது அநியாயம்.

கண்பாப்பாவைச் சுற்றியுள்ள வளையம்தான் ஐரிஸ். அதில் மெலனின் நிறமி மிகுந்தால் கருப்பு, குறைந்தால் தேன் நிறம், மிகக் குறைந்தால் சாம்பல் அல்லது நீலம். நீலச் சாயம் என்று கண்ணுக்குள் எதுவும் கிடையாது. ஒளி சிதறுவதால்தான் அப்படித் தெரிகிறது. மெலனினுக்கு வேண்டிய ஓசிஏ2 மரபணு 15-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பக்கத்து மரபணுவான ஹெர்க்2-இன் ஒரு பகுதி அதை முடுக்கிவிடுகிறது. ஓசிஏ2 வாய்க்கால் என்றால் ஹெர்க்2 அதன் மதகு. வாய்க்கால் நன்றாக இருந்தும் மதகு திறக்காவிட்டால் வயல் காயும் அல்லவா, அதேதான்.

தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இந்த மதகு ஒவ்வொருவருக்கும் இரண்டு. ஒன்று திறந்தாலே பெரும்பாலும் கண் கருத்துவிடும். உங்கள் தாத்தாவுக்கு இரண்டுமே திறக்காதவை என்று கொள்வோம். அவர் பிள்ளைகளான உங்கள் அம்மாவுக்கும் மாமாவுக்கும் தலா ஒன்று கட்டாயம் வந்திருக்கும். அது உங்களுக்கு வர 2-இல் 1 வாய்ப்பு, கணவருக்கும் அப்படியே. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூனைக்கண் வர 4-இல் 1. எல்லாம் பெருக்கினால் 16-இல் 1. சொந்தத்தில் கட்டியதால்தான் வாய்ப்பு இவ்வளவு கூடியது. வேறு பல மரபணுக்களும் நிறத்தில் கைவைப்பதால் இது தோராயக் கணக்கு.

நிறம் இன்னும் கருக்கலாம். மெலனின் பிறந்த பிறகும் ஊறும்; பெரும்பாலும் 6 முதல் 9 மாதத்தில் நிறம் நிலைக்கும், சிலருக்கு 3 வயதுவரை போகும். மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து ஒப்பிடுங்கள். குங்குமப்பூவோ தாய்ப்பாலோ நிறத்தை மாற்றாது. கண்ணில் பால் விடாதீர்கள், கிருமி தொற்றும். மையும் வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது.

நிறத்தைவிட நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. கண் பளீரென்ற நீலமாக இருந்தாலோ, இரண்டு கண்ணும் இரு நிறமாக இருந்தாலோ, நெற்றி முடியில் வெள்ளைக் கற்றை தெரிந்தாலோ வார்டன்பர்க் என்ற பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அதில் காது கேளாமையும் சேர்ந்து வரலாம். முடியும் தோலும் வெளுத்து, விழி ஆடி, வெயிலில் கண் கூசினால் பிறவியிலேயே நிறமி குறையும் அல்பினிசமா என்று பார்க்க வேண்டும். விழி பெரிதாகி, மங்கி, நீர் வடிந்தால் கண் அழுத்த நோயாக இருக்கலாம். கண்பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள், கண்புரையோ கண் புற்றோ இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், பிறந்தபோது ஓஏஇ என்ற செவிப் பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். செய்யவில்லை என்றால் இந்த மாதமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் தேறாவிட்டால் அடுத்தது, செவி நரம்பைச் சோதிக்கும் பெரா பரிசோதனை.