மாட்டை அடிக்காமல், மாட்டிடம் அடிபடாமல் பட்டியைப் பராமரிப்பது எப்படி?

"வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்து கிளிநொச்சிப் பக்கம் பன்னிரண்டு மாட்டோடு பண்ணை தொடங்கியிருக்கிறேன். என்னைக் கண்டாலே வெருளுகின்றன. போன கிழமை ஒரு பசு இடித்து விழுத்திவிட்டது. கூலிக்கு வருகிறவர் எல்லாவற்றுக்கும் தடியைத்தான் எடுக்கிறார். வேறு வழி இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. அதற்கு முதல் ஒரு கேள்வி: அந்தப் பசு இடித்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்? எனக்குத் தெரிந்த மட்டில் மாடு இடித்த கதைகளில் பாதிக்கு மேல், ஆள் நிற்கக்கூடாத இடத்தில் நின்ற கதைகள்தான். என்னுடையதும் சேர்த்து.

எங்கள் பட்டி ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. இப்போது 43 உருப்படி. நாலைந்து ஜேர்சிக் கலப்பு, மிச்சமெல்லாம் ஊர்மாடு. பெரியப்பாவிடம்தான் தொழில் பழகினேன். அவர் பட்டிக்குள் குளறி நான் கேட்டதில்லை. குளறினால் அன்றைக்குப் பால் இல்லை என்பார்.

மாட்டின் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 330 பாகை சுற்றளவுக்கு அதற்குத் தெரியும். தெரியாத இடம் நேர் பின்னால். மூக்குக்கு நேர் முன்னாலும் கொஞ்சம். நாங்கள் பழக்கதோசத்தில் போய் நிற்பது அந்த இரண்டு இடத்திலும்தான். பின்னால் போய்த் தட்டினால் உதைக்கும், முன்னால் போய்க் கயிற்றை இழுத்தால் பின்வாங்கும் அல்லது முட்டும். பெரியப்பா சொல்வது: "பிள்ளை, தோள்மூட்டைப் பார்த்து நட." தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் நின்று ஓரடி கிட்டப் போனால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும், அல்லது திரும்பும். தடி இருந்தால் கையின் நீளத்தைக் கூட்ட வைத்திருங்கள், நாங்களும் துவரந்தடி வைத்திருக்கிறோம். அது மாட்டின் மேல் படுவது மாதத்தில் ஒருநாள் இருக்கலாம். வாலை முறுக்குகிற ஆளை நான் பட்டிக்குள் விடமாட்டேன்.

ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு வட்டம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் கால் வைத்தால் மாடு நகரும், காலை எடுத்தால் நிற்கும். வீட்டோடு வளர்ந்த பசுவுக்கு அந்த வட்டமே இல்லை, கழுத்தைச் சொறியலாம். சந்தையில் வாங்கி லொறியில் இறக்கிய மாட்டுக்கு அது இருபது முப்பது அடி இருக்கும். உங்கள் ஆள் செய்வது, வட்டத்துக்குள் ஓடிப்போய் அங்கேயே நின்று அடிப்பது. மாடு நகர்ந்த உடனே நீங்கள் ஓரடி பின்வாங்க வேண்டும். நடந்தால் நெருக்குதல் போய்விடும் என்று அதற்கு விளங்குவது அந்த ஓரடியில்தான். அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற கால்நடை விஞ்ஞானப் பேராசிரியர் இதையெல்லாம் படம் கீறி விளக்கியிருப்பதைப் பிறகுதான் போனில் பார்த்தேன். பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையும் பட்டிக்காரிதான்" என்றார்.

மாடு வெருண்டால் மாட்டைப் பார்க்காதீர்கள், அது பார்க்கிற இடத்தைப் பாருங்கள். ஒருமுறை மூன்று நாளாக எங்கள் மாடுகள் காலமை கடப்பை, அதாவது பட்டி வேலியின் வாசலை, தாண்ட மாட்டோம் என்று நின்றன. கடப்புத்தடி முழுக்க இழுத்துவிட்டுத்தான் இருக்கிறது, முன்மாடு வரும், குனிந்து மூசும், திரும்பும். பின்னால் வருவதெல்லாம் அதன்மேல் ஏறும். நாலாம் நாள் நான் குனிந்து மாட்டின் கண் உயரத்தில் நின்று பார்த்தேன். வேலி முள்ளுக்கம்பியில் ஒரு உரப்பைத் துண்டு மாட்டுப்பட்டுக் காற்றுக்கு ஆடுகிறது, அதன் நிழல் சரியாகக் கடப்புக்குக் குறுக்கே விழுகிறது. மாட்டுக்குத் தூரம், ஆழம் மட்டுப்பிடிப்பது கடினம், நிலத்தில் கறுப்பாகக் கிடக்கும் நிழல் பள்ளம் போலத் தெரியும். துண்டைக் கழற்றினேன், எல்லாம் வரிசையாகப் போயின. அந்த மூன்று நாளும் தடி எடுத்திருந்தால் கடப்பென்றாலே அடி என்று பழகியிருக்கும்.

இனிக் கயிறு. இதை மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். 2014 இல் தடுப்பூசி போடும் நாள், ஒரு நாம்பனை, அதாவது இளங்காளையை, பிடித்துக்கொண்டு நின்றேன். கை வழுக்குகிறது என்று கயிற்றை உள்ளங்கையைச் சுற்றி இரண்டு சுற்றுப் போட்டேன். வீதியில் சைலன்சர் உடைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று போனது. அவ்வளவுதான். நாம்பன் பாய்ந்தது, கையை விட முடியவில்லை, பதினைந்து இருபது யார் இழுபட்டேன். இடதுகை மோதிரவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. மிச்சக் கயிற்றை மடித்து மடித்துக் கைக்குள் பிடியுங்கள், சுற்றாமல். கட்டும்போது ஒரு நுனியை இழுத்தால் அவிழுகிற முடிச்சாகப் போடுங்கள், மாட்டின் தலை உயரத்தில், கட்டையாக. நீளக் கயிற்றில் கால் மாட்டுப்பட்டு விழுந்த மாட்டை எழுப்புவது பெரிய பாடு.

பால் கறக்கிற இடத்தில் மாடு குதிரை மாதிரி நேர் பின்னுக்கு மட்டும் உதைப்பதில்லை, முன்னுக்கும் பக்கத்துக்கும் வளைத்து வீசும். ஒன்றில் உடம்போடு ஒட்டி நில்லுங்கள், அல்லது கால் எட்டாத தூரத்தில் நில்லுங்கள். நடுவில் நின்றால்தான் வேகம் முழுக்க உங்களுக்கு. முதலில் குரல் கொடுத்து, தோளில் கைவைத்து, கையை எடுக்காமல் முதுகு வழியாகப் பின்னுக்குப் போங்கள். கன்றை ஊட்டவிட்டதும் ஒட்சிடோசின் என்ற ஓமோன் சுரந்து பால் இறங்கும். அது நிற்பது ஐந்தாறு நிமிடம்தான். அதற்குள் யாராவது குளறினால், நாய் பாய்ந்தால் மாடு பாலை ஏற்றிக்கொள்ளும். பெரியப்பா சொன்னதற்குக் காரணம் அதுதான்.

உங்களை இடித்த பசுவுக்கு வருகிறேன். அது அண்மையில் கன்று போட்டதா? அப்படியென்றால் அதைக் குழப்படி மாடு என்று விற்றுவிடாதீர்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள், அவ்வளவுதான். கன்றின் தொப்புளுக்கு மருந்து வைக்க வேண்டுமென்றால் வேலிக்கு மற்றப்பக்கம் தூக்கிப்போய், தாய்க்குக் கன்று தெரிகிற மாதிரி வைத்துச் செய்யுங்கள். நாய் பக்கத்தில் நிற்கவே கூடாது. காளை வேறு கதை. அது தலையைப் பதித்து, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி நின்றால் தன் பருமனைக் காட்டுகிறது என்று அர்த்தம். அந்த நேரம் நேரே கண்ணைப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பின்பக்கமாக நடந்து வேலிக்கு வாருங்கள். ஓடினால் துரத்தும். கையில் வளர்த்த செல்லக் காளையை நான் இன்னும் கூடப் பயப்படுவேன், அதற்கு ஆள் என்றால் இன்னொரு மாடு.

வன்னியில் இருப்பதால் குழுவன், அதாவது காட்டில் ஆளுக்கு அடங்காமல் திரியும் மாடு, பற்றியும் சொல்லவேண்டும். 2009 இல் சனம் இடம்பெயர்ந்தபோது கயிற்றை அறுத்துவிட்டுப் போன மாடுகள் காடுகளில் தங்கி, ஆளைக் கண்டால் பற்றைக்குள் பாயும் மாடுகளாகிவிட்டன. நாங்கள் 2010 இல் திரும்பி வந்தபோது எங்கள் குறிசுட்ட நாம்பன்கள் இரண்டு காட்டுக்கரையில் நின்றன. அந்தக்காலத்தில் குழுவன் பிடிப்பது வார்க்கயிற்றால். தோலில் திரித்த கயிறு, சுருக்கு வீசி, மறுநுனியை மரத்தில் கட்டுவார்கள். அது பெரிய வித்தை, கதைகதையாகச் சொல்வார்கள். முதலாவதை அப்படித்தான் பிடித்தார்கள். சுருக்கில் மாட்டுப்பட்ட வேகத்தில் மரத்தைச் சுற்றி விழுந்து முன்னங்கால் முறிந்தது. பிறகு நடந்ததை எழுத விருப்பமில்லை.

மற்றதைப் பெரியப்பா தொடவிடவில்லை. வாங்கியிருந்த மூன்று பசுக்களைப் பொழுதுபடக் காட்டுக்கரையில் விட்டார். பட்டியின் கடப்பைத் திறந்தபடி விட்டு, உள்ளே ஒரு மரக்குற்றியின்மேல் கல்லுப்பு வைத்தார். முதல் நாட்களில் நாம்பன் நூறு யார் தள்ளி நின்று பார்த்தது. பிறகு பசுக்களுக்குப் பின்னால் கடப்பு வரைக்கும். நாங்கள் வீட்டுத் திண்ணையில் வழமைபோலக் கதைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கட்டளை, ஒளித்துப் பார்க்கக்கூடாது. ஒளிக்கிற ஆளைத்தான் மாடு சந்தேகிக்கும். பதினேழாம் இரவு உப்பு நக்கும் சத்தம் கேட்டது. கடப்பை அன்றைக்கும் அடைக்கவில்லை. இன்னும் மூன்று இரவு விட்டுத்தான் அடைத்தார். எனக்கு அந்த மூன்று இரவும் நித்திரை இல்லை.

ஊசி போட, அடையாளக் காதுத் தோடு குத்த ஒரு ஒடுக்கம், அதாவது மாடு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒடுங்கிய பாதை, கட்டாயம் கட்டுங்கள். எங்களுடையது பனங்குற்றி நட்டுச் சிலாகை அடித்தது, அகலம் இரண்டடி. ஊர்மாடு உள்ளே திரும்பாது. ஜேர்சிக் கலப்புக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். இரண்டு பக்கமும் கிடுகு கட்டி மறைத்துவிடுங்கள், வெளியில் நடப்பது தெரியாவிட்டால் அமைதியாக நடக்கும். பட்டி வேலியில் ஆள் பக்கவாட்டாக நுழைந்து வெளியேற இரண்டு மூன்று இடத்தில் இடைவெளி விடுங்கள். தனி மாட்டை ஒருநாளும் ஒடுக்கத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், கூட இன்னொன்று நடக்கட்டும். ஒன்று வெருண்டுவிட்டால் அரை மணித்தியாலம் வேலையை நிறுத்தித் தேத்தண்ணி குடியுங்கள், அது ஆற அவ்வளவு நேரம் எடுக்கும். மிருக வைத்தியர் அவசரப்படுத்தினாலும்.

காலபோகத்தில் (மாரிமழையோடு செய்யும் நெற்செய்கையில்) வயல் விதைத்தபின் மாட்டை எங்கே கொண்டுபோவது, மேய்ச்சல் தரை எங்கே என்பதெல்லாம் தனிப் பதிலாக எழுதவேண்டிய எரிச்சல். இப்போது விடுகிறேன்.

இவ்வளவு பொறுமை எதற்கு என்று உங்கள் ஆள் கேட்பார். 2022 டிசம்பரில் மழையும் குளிர்காற்றும் சேர்ந்து அடித்த இரவு நினைவிருக்கும், வடக்கிலும் கிழக்கிலும் எவ்வளவு மாடு செத்தது. திறந்த பட்டியில் நின்ற எங்கள் மாடுகளை இருட்டில், ரோச் லைட்டும் சரியாக எரியாமல், வீட்டு விறாந்தைக்கும் நெல் கொட்டிலுக்கும் கொண்டுவந்தோம். பெரியப்பா இழுத்துக் கூப்பிடும் ஒரு கூப்பாடு இருக்கிறது, எழுத்தில் வராது. அதற்குத்தான் வந்தன. அந்த வருசம் வாங்கிய ஆறு நாகுகளுக்கு (இன்னும் கன்று போடாத இளம் பசுக்களுக்கு) அந்தக் குரல் பழக்கமில்லை. பயந்து வேலி மூலைக்குள் நெருங்கி நின்றன, கிட்டப் போகப் போகச் சிதறின. விடியும்போது அதில் நாலு இல்லை.

பசு கன்று போட்டு எத்தனை நாள், இடித்தபோது கன்று எந்தப் பக்கம் நின்றது என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.