கூரையில் வைக்க நினைத்த மீக்கடத்தி வில்லை

கேள்வி: நுவரெலியாவை அடுத்த தோட்டப் பாடசாலையில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். குளிர்வித்தால் மின்தடை இல்லாமற்போய், காந்தத்தை மிதக்கவைக்கும் மீக்கடத்தி வில்லைகள் இரண்டு எங்களிடம் உள்ளன. மலையில் அண்டக்கதிர் அதிகம் என்பதால், ஒன்றை ஓராண்டு கூரையில் வைத்து, விண்வெளியில் அதற்கு என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பதில்: வேண்டாம் ஆசிரியரே. கதிருக்கு முன்பே உங்கள் ஊர் மூடுபனி அதைத் தின்றுவிடும். இவ்வகை வில்லைகள் பெரும்பாலும் இற்றியம், பேரியம், செம்பு, ஒட்சிசன் கலந்த சேர்வை. ஈரம் பட்டால் பேரியம் பிரிந்து வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பொடி நஞ்சு, கையுறை அவசியம்.

கதிரின் கணக்கையும் பாருங்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவன் (அண்டக்கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் நுண்துகள்) விழுகிறது. மலையில் இரட்டிப்பு என்றே வைத்தாலும் ஆண்டுக்குப் பத்து இலட்சம்தான். ஆய்வுகூடங்களிலோ, மாற்றம் தெரிய அதே பரப்பில் நூறு கோடி கோடி புரோத்தன்கள் என்ற அளவில் செலுத்துகிறார்கள். அந்த எண்ணிக்கை சேர ஆயிரம் கோடி ஆண்டு வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி! அதிலும் மியூவன் அணுக்களை அவ்வளவாக அசைக்காமல் ஊடுருவிப் போய்விடும்.

விண்வெளிக் கதிரில் மிகுந்திருக்கும் புரோத்தன் அப்படியல்ல, அணுவை இடித்து இடம்பெயர்க்கும். ஆனால் சிறு வடுக்களால் நன்மையும் உண்டு. மீக்கடத்திக்குள் காந்தப் பாயம், அதாவது காந்தப்புலக் கோடுகள், மெல்லிய இழைகளாக நுழைகிறது. மின்னோட்டம் இழைகளைத் தள்ளும். அவை நகர்ந்தால் மின்தடை தலைகாட்டும். தேயிலைச் சரிவில் கல்வரிசை மண்ணைப் பிடிப்பதுபோல வடுக்கள் இழைகளைப் பிடித்து நிறுத்துவதால், காந்தப்புலத்தில் கூடுதல் மின்னோட்டம் தாங்கும். வடுக்கள் மிகுந்தால் கதை மாறும்: அணு அடுக்கு குலைந்து, 92 கெல்வினில் (ஏறத்தாழ −181 பாகை செல்சியஸ்) தொடங்க வேண்டிய மீக்கடத்தல் இன்னும் குளிர்ந்த பிறகே தொடங்கும்.

விண்கலச் சுவரைக் கடந்துவரும் கதிர் சில ஆண்டுகளில் பொதுவாக அந்த எல்லையை எட்டுவதில்லை. என் கவலை வேறு: மீக்கடத்திக் கம்பிச் சுருளின் பிசின் காப்பு கதிரால் முன்னதாகவே நொறுங்கலாம், நுண்ணிய உணரிகளில் ஒரே துகள் பொய்ச் சமிக்ஞை எழுப்பிவிடும்.

பிள்ளைகளுக்குச் சோதனைதான் வேண்டுமென்றால், ஒரு வில்லையைச் சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் போத்தலில் வையுங்கள். பலிகொடுக்க மனமிருந்தால் மற்றதை வராந்தா மூடுபனியில் விடுங்கள். மாதமொருமுறை இரண்டையும் திரவ நைதரசனில் குளிர்வித்து, காந்தம் மிதக்கும் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வில்லையில் படியும் உறைபனியைத் துடைத்து, நன்றாக உலர்த்திய பிறகே முதல் வில்லையைப் போத்தலில் மூடவேண்டும்.