'சர்வர் டவுன்' என்று சொல்கிறார்களே, உண்மையில் என்ன அது?

கேட்டிருப்பது இது: தருமபுரி பக்கம் பட்டா எடுக்கப் போனாலும் ரேஷன் வாங்கப் போனாலும் 'சர்வர் டவுன், அப்புறம் வாங்க' என்கிறார்கள். அது நிஜமா, சாக்கா?

சாக்கு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பல சமயம் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். வேறு எதுவோ படுத்திருக்கும். நாலைந்து விதமான கோளாறுக்கு நம் ஊரில் இந்த ஒரே பெயர்தான். எது என்று தெரிந்தால் அங்கேயே காத்திருக்கலாமா, வேறு மையத்துக்குப் போகலாமா, நாளைக்கு வரலாமா என்பது தெரிந்துவிடும்.

சர்வர் என்பது பட்டா, வில்லங்கம் போன்ற விவரங்களை வைத்திருந்து, கேட்டதும் எடுத்து அனுப்புகிற கணினி. அது இருப்பது சென்னை போன்ற இடத்தில் உள்ள தரவு மையத்தில். கவுண்டரில் இருக்கும் கணினிக்கும் அதற்கும் நடுவே ரௌட்டர், ஃபைபர் ஒயர், இணைய இணைப்பு தரும் நிறுவனம், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் என்று வரிசையாக இருக்கின்றன. இதில் எது அறுந்தாலும் திரையில் சக்கரம்தான் சுற்றும்.

முதலில் திரையில் எண் ஏதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 500, 502, 503, 504 என்று ஐந்தில் தொடங்கினால் கோளாறு சர்வர் பக்கம்தான். 503 என்றால் கூட்டம் தாங்கவில்லை அல்லது பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள். தேர்வு முடிவு வரும் காலையிலும், விண்ணப்பத்தின் கடைசி நாளிலும் இது சகஜம். விடாமல் ரெஃப்ரெஷ் அடிப்பதால் நெரிசல் கூடுமே தவிர பக்கம் வராது. அரை மணி கழித்து முயல்வதே மேல். நான்கில் தொடங்கினால் பெரும்பாலும் நாம் அனுப்பியதில்தான் பிசகு: 404 என்றால் அந்த முகவரியில் பக்கமே இல்லை, 413 என்றால் ஏற்றிய கோப்பு அளவுக்கு மீறிப் பெரிது. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் இப்படி ஆகும்; சுருக்கி ஏற்றுங்கள்.

இவற்றில் பணத்துக்கு வேட்டு வைப்பது 504. முன்னால் நிற்கும் கணினி, பின்னாலிருக்கும் கணினியின் பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்பதுதான் இதன் பொருள். வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. கட்டணம் போய்ச் சேர்ந்து, விண்ணப்பமும் பதிவாகி, ரசீதுப் பக்கம் மட்டும் வராமல் போயிருக்கலாம். எனவே உடனே இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள். அந்தத் தளத்திலேயே விண்ணப்ப நிலை, கட்டண நிலை பார்க்கும் பக்கம் இருக்கும். அதை முதலில் பாருங்கள். யுபிஐயில் பணம் பிடித்து, அந்தத் தளத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எண்ணே வராமல் 'திஸ் சைட் கான்ட் பி ரீச்ட்' என்று வந்தால், உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். போனில் திறந்தால் சர்வர் நலம், கவுண்டரின் லைன்தான் போச்சு. போனிலும் அந்தத் தளம் மட்டும் வராமல் மற்றவை வந்தால் சர்வர் நிஜமாகவே படுத்திருக்கிறது. விபிஎன் (இணைப்பை வேறு ஊர் வழியாகச் சுற்றிவிடும் செயலி) போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள். சில அரசுத் தளங்கள் வெளிநாட்டு எண் முகவரியை (ஐபி) உள்ளே விடாது. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

லைன் போனதா என்று பார்க்க ஃபைபர் பெட்டியின் விளக்கு போதும். 'லாஸ்' (LOS) என்ற இடத்தில் சிவப்பு எரிந்தாலோ மினுக்கினாலோ ஒயரில் ஒளி வரவில்லை. எங்கோ ஜேசிபி தோண்டி அறுத்திருக்கும். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். கரண்ட் போன நேரத்தில் இன்னொரு கூத்து நடக்கும்: கணினி யுபிஎஸ்ஸில் ஓடும், ஃபைபர் பெட்டியை யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்க மாட்டார்கள். கணினி ஓடுகிறது, நெட் இல்லை. உடனே பழி சர்வர் மேல். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போனாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று தளம் மறுக்கும். தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

கைரேகை விஷயம் தனி. ஆதார் சரிபார்ப்பில் 300 என்ற பிழை எண் வந்தால் ரேகை பொருந்தவில்லை, அவ்வளவுதான். சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் கிரானைட் வேலை செய்பவர்கள், காட்டு வேலை செய்பவர்கள் கையில் ரேகை தேய்ந்திருக்கும். கையைக் கழுவித் துடைத்து வேறு விரல் வையுங்கள். கருவிழிக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். அடிக்கடி இப்படியென்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதுதான் வழி. 330 வந்தால், நீங்களோ வீட்டில் யாரோ ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) பூட்டி வைத்திருக்கிறீர்கள். செயலியில் திறந்துவிட்டு அங்கேயே மறுபடி வைக்கலாம்.

'செஷன் எக்ஸ்பயர்ட்' (லாகின் காலாவதியாகிவிட்டது) என்பதும் சர்வர் டவுன் இல்லை. ஒரே லாகினை இரண்டு டேபில் திறந்தாலோ, படிவத்தைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலோ வரும். வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போதும்.